எம்ஜி டிசியில் அழகர்கோவில்: இடது சீட்டுக்காரரின் வேலைகள்

பழைய ஸ்போர்ட்ஸ் காரில் ஓட்டுநர் ஒருவர், பயணி ஒருவர் என்று கிடையாது. வலப்பக்கம் உட்காருபவர் முக்கால் ஓட்டுநர் என்றால் மீதிக் கால்பங்கு வேலை இடப்பக்கத்து ஆளுடையது. ஏசி காரில் போய்ப் பழகியவர்கள் சாய்ந்து உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம் என்ற நினைப்பில் ஏறுகிறார்கள். மூன்றுமாவடி தாண்டுவதற்குள் அந்த நினைப்பு போய்விடும். என் மனைவியின் சித்தப்பாவிடம், அதாவது என் சின்ன மாமனாரிடம், 1948ஆம் வருட எம்ஜி டிசி ஒன்று இருக்கிறது. அதன் இடது சீட்டில் மதுரையைச் சுற்றி நிறையப் போய்வந்துவிட்டேன். இந்த மாதிரி காரில் ஏற உங்களுக்கு வாய்ப்பு வந்தால் உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் காரைப் பற்றி. எம்ஜி என்றதும் ஹெக்டர் ஞாபகம் வருகிறது எல்லோருக்கும். பெயர் அதேதான். ஆனால் அன்றைய எம்ஜி, ஆக்ஸ்ஃபோர்டில் மோரிஸ் கார்களை விற்ற மோரிஸ் கராஜஸிலிருந்து கிளைத்தது. தொழிற்சாலை பக்கத்தில் ஆபிங்டன் என்ற சிற்றூரில். போர் முடிந்த 1945இல் டிசி மாடலைத் தொடங்கி 1949 வரை செய்தார்கள். மொத்தமே சுமார் 10,000 கார். அதில் 2,000 போல அமெரிக்காவுக்குப் போய், அங்கே ஸ்போர்ட்ஸ் கார் மோகத்தையே கிளப்பிவிட்டது. இத்தனைக்கும் அமெரிக்கர்களுக்காக ஸ்டியரிங்கை இடப்பக்கம் மாற்றிக்கூடக் கொடுக்கவில்லை. எல்லா டிசியும் வலப்பக்க ஸ்டியரிங்தான்; நமக்கு அதில் சிரமமில்லை.

எஞ்சின் 1250 சிசி, 54 குதிரைத்திறன். இன்று சின்னக் குடும்பக் காரிலேயே இதைவிடக் கூடுதல் சக்தி வருகிறது. ஆனால் டிசியின் மொத்த எடையே 800 கிலோ அளவுதான். ஸ்டீல் சேசிஸ், அதன்மேல் ஆஷ் மரச்சட்டம், மரத்தின்மேல் தகடு. 19 அங்குல ஸ்போக் சக்கரம் நான்கு, பின்னால் முதுகில் தொங்கும் பெட்ரோல் டேங்க், அதற்கும் பின்னால் ஸ்டெப்னி. கூரை என்று ஒரு கித்தான் இருக்கிறது. மாமா அதை விரித்து நான் பார்த்ததில்லை.

ஏறுவதில் இருக்கிறது முதல் பாடம். கதவுக்குக் கீல் பின்பக்கம், முன்பக்கமாகத் திறக்கும். வழக்கம்போல் காலை உள்ளே விட்டுக் குனிந்தால் முழங்கால் டேஷ்போர்டில் இடிக்கும். காருக்கு முதுகைக் காட்டி நின்று, சீட்டில் உட்கார்ந்துவிட்டு, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே இழுக்க வேண்டும். சேலை கட்டியவர்களுக்கும் இதுதான் வசதி. கதவைச் சாத்தியதும் உள்ளிருந்து ஒரு முறை தள்ளிப் பாருங்கள். சரியாகக் கொளுவாத கதவு ஓட்டத்தில் திறந்துகொண்டால் காற்றே அதைப் பிடுங்கிப் பின்னால் அறைந்துவிடும். இந்தக் காரில் சீட் பெல்ட்டும் கிடையாது. மாமாவின் காரில் குழந்தைகளுக்கு இடமில்லை. பேரன் எவ்வளவு அழுதாலும் ஷெட்டுக்குள் உட்கார்ந்து ஹாரன் அடிக்கத்தான் அனுமதி. அவர் செய்வது சரி என்றுதான் எனக்கும் படுகிறது.

இருக்கை தனித்தனி மெத்தை, ஆனால் சாய்மானம் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பலகை. ஓட்டுபவர் தன் கால் நீளத்துக்கு அதை நகர்த்தினால் நீங்களும் சேர்ந்து நகர்வீர்கள். மாமா ஆறடி, ஐந்தரை அடிக்காரனான எனக்கு முதுகுக்கும் பலகைக்கும் நடுவே ஒரு தலையணை எப்போதும் வேண்டும். வலது முழங்காலை ஹேண்ட்பிரேக்கிலிருந்து தள்ளி வையுங்கள். அது நம் கார்களில் இருப்பதற்கு நேர்மாறு: பொத்தானை அழுத்தினால்தான் பூட்டும், சும்மா இழுத்தாலே விடுபட்டுவிடும். சரிவில் நிற்கும்போது உங்கள் முழங்கால் பட்டு அது விடுபட்டால் கார் கிளம்பிவிடும், ஓட்டுநர் இல்லாமல்.

சாவியைத் திருப்பியதும் உடனே ஸ்டார்ட் செய்ய மாட்டார். டேஷ்போர்டுக்கு அந்தப் பக்கம் எஸ்யு என்ற கம்பெனியின் மின்சாரப் பெட்ரோல் பம்ப் 'டக் டக் டக்' என்று வேகமாக அடிக்கத் தொடங்கும். கார்புரேட்டர்கள் இரண்டும் நிரம்ப நிரம்ப அடி தளர்ந்து, கடைசியில் நின்றுவிடும். நின்ற பிறகுதான் சோக்கை இழுத்து, ஸ்டார்ட்டர் குமிழை இழுப்பார். அந்தச் சத்தத்துக்குக் காது கொடுக்கப் பழகுங்கள். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் ஒன்று டேங்கில் பெட்ரோல் இல்லை, அல்லது எங்கோ ஒழுகுகிறது. ஒழுகல் என்றால் அடுத்த நொடி சாவியை அணைத்துவிட்டு இறங்க வேண்டும். என் காலடியில் ஒரு சின்னத் தீயணைப்பு சிலிண்டர் வார் போட்டு இறுக்கியிருக்கிறது. ஏறும்போதெல்லாம் அதன் முள் பச்சையில் நிற்கிறதா என்று பார்ப்பதும் இடது சீட்டுக்காரர் வேலைதான்.

தல்லாகுளத்தில் பால்காரர்கள் நடமாடும் நேரத்திலேயே கிளம்பிவிடுவோம். ரேஸ்கோர்ஸ், மூன்றுமாவடி, கடச்சனேந்தல், அப்பன் திருப்பதி, அழகர்கோவில். மொத்தம் 21 கிலோமீட்டர். சித்திரைத் திருவிழாவில் அழகர் மதுரைக்கு இறங்கிவரும் அதே சாலை. வழி நெடுக மண்டகப்படி மண்டபங்கள். காரில் கண்ணாடிக்குள் இருந்து போகையில் அவை கண்ணிலேயே படுவதில்லை. டிசியில் உட்கார்ந்தால் நம் இடுப்பு சாலையிலிருந்து ஒரு முழ உயரத்தில் இருக்கும். கதவும் முழங்கை வைக்க வாகாக வெட்டியிருப்பதால் கையைத் தொங்கவிட்டால் தாரைத் தொட்டுவிடலாம் போலிருக்கும். ஒவ்வொரு மண்டபத்தின் திண்ணையும், அதில் படுத்திருக்கும் நாயும் சரியாகக் கண்ணுக்கு நேரே வந்து போகும். எதிரே வரும் டவுன் பஸ்ஸின் டயர் நம் தலை உயரத்துக்குச் சுழலும். முதல் தடவை யாராக இருந்தாலும் கண்ணை மூடத்தான் செய்வார்கள்.

வேடிக்கை பார்த்துக்கொண்டே வந்தால் வேலை கெட்டுவிடும். டிசியில் ஓட்டுநருக்கு முன்னால் இருப்பது எஞ்சின் சுற்று காட்டும் டயல் மட்டும். ஸ்பீடோமீட்டர் இடது சீட்டுக்காரருக்கு நேரே இருக்கிறது. அதில் எண்கள் மைலில். முள்ளும் வழுக்கிக்கொண்டு ஏறாது. கடிகாரப் பொறி போல ஒரு வேலைப்பாடு உள்ளே இருப்பதால் நின்று நின்று தாவும். முப்பது, முப்பத்திரண்டு, முப்பத்தைந்து என்று தாவத் தாவ வாசித்துச் சொல்ல வேண்டும். "மாப்ள, எவ்வளவு?" என்று மாமா கேட்டால் மைலில் சொல்வதா கிலோமீட்டரில் சொல்வதா என்று யோசிக்க நேரம் கிடையாது. 30 மைல் என்றால் 48 கிலோமீட்டர், 40 என்றால் 64. இந்த இரண்டும் மனப்பாடமாக இருந்தால் போதும். அதற்கு மேல் அவர் போவதில்லை. காரைச் செய்தவர்கள் மணிக்கு 75 மைலுக்கு மேல் போகும் என்றார்கள். போகலாம், நிறுத்துவது யார்?

நிறுத்துவதுதான் பெரிய விஷயம். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். ஹைட்ராலிக்தான், ஆனால் பவர் உதவி எதுவும் இல்லை. பெடலை மிதிப்பது அல்ல, ஏறி நிற்பது என்று சொல்ல வேண்டும். பின்விளக்கோ ராத்திரி வீட்டுப் பூஜை அறையில் எரியும் பல்பு அளவு. மாமா வேகம் குறைக்கும்போது நான் இடது கையை வெளியே நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்க மேலும் கீழும் ஆட்டுவேன். இந்தக் காருக்கு இண்டிகேட்டரும் கிடையாது. வலப்பக்கம் திரும்ப அவர் கை, இடப்பக்கம் திரும்ப என் கை. லைசென்ஸ் எடுக்கும்போது படித்த கைச்சைகையை இன்று யாரும் கண்டுகொள்வதில்லை, அதனால் சீக்கிரமே, நன்றாக நீட்டிக் காட்டுங்கள். கூச்சம் வேண்டாம்.

அப்புறம் வேகத்தடை. வெள்ளைக் கோடு அழிந்துபோன வேகத்தடைகளைத் தூரத்திலேயே கண்டுபிடிக்கும் கண் எனக்கு வந்ததற்கு இந்தக் கார்தான் காரணம். முன்னும் பின்னும் ஸ்பிரிங்காக இருப்பவை விறைப்பான இரும்புப் பட்டைகள். அவை வளைவதாகவே தெரியாது. 30 மைலில் ஏறினால் முதுகெலும்பு பேசும், மரச்சட்டமும் பேசும். 'தடை' என்று நான் சொன்னதும் மாமா மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்கு வருவார்: கிளட்ச், நியூட்ரல், ஆக்சிலேட்டரில் சட்டென்று ஒரு உறுமல், மறுபடி கிளட்ச், பிறகு கியர். ஊர்ந்து போகிற அளவு பெரிய தடை என்றால் முதல் கியருக்கே வர வேண்டும். பற்கள் உரசாமல் கியரைச் சேர்த்துவைக்கும் சின்க்ரோமெஷ் முதல் கியரில் இல்லை; இந்தக் கணக்கு தப்பினால் கரகரவென்று பற்கள் அரைபடும். அந்த நேரத்தில் அவரிடம் எதுவும் கேட்காதீர்கள். ஸ்டியரிங்கும் அப்படித்தான். நேர்ச்சாலையிலும் அவர் கை சும்மா இருக்காது, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருத்திக்கொண்டே இருப்பார். அதைப் பார்த்துப் பதறிப் போய் ஸ்டியரிங்கைப் பிடித்துவிடக் கூடாது. பிடித்துக்கொள்ள டேஷ்போர்டின் இடது ஓரத்தில் ஒரு பித்தளைப் பிடி பொருத்திக் கொடுத்திருக்கிறார்.

நம் ஊரில் இதைவிடப் பெரிய தொந்தரவு பைக்குகள். பழைய காரைக் கண்டதும் பக்கத்தில் ஒட்டி வந்து, ஒரு கையில் போனை நீட்டி வீடியோ எடுக்க ஆரம்பித்துவிடுவார்கள். பார்ப்பது காரை, ஓட்டுவது பைக்கை. நாம் கையசைத்துச் சிரித்தால் இன்னும் நெருங்குவார்கள். அதனால் சிரிக்காமல், முன்னே போகச் சொல்லிக் கையைக் காட்டுங்கள். "முன்னாடி டீக்கடைல நிப்பாட்டுவோம் தம்பி, அங்க வந்து எடுத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டால் பெரும்பாலும் விலகிவிடுவார்கள். சொன்னபடி நிறுத்தவும் வேண்டும்.

உடை விஷயத்தில் மாமா கறார். முன் கண்ணாடியை முன்னால் படுக்க வைத்துவிட்டு ஓட்டலாம் இந்தக் காரில். அப்படி ஓட்டும்போது காற்று நேரே நெஞ்சில் வந்து மோதும். பருத்திச் சட்டை, கயிறு கட்டிய தொப்பி, தூசிக் கண்ணாடி, அவ்வளவுதான். தோளில் துண்டு, துப்பட்டா எதுவும் பறக்கக் கூடாது. இசடோரா டங்கன் என்ற புகழ்பெற்ற நடனக்காரி 1927இல் பிரான்ஸில் நீஸ் நகரத்தில் இப்படித்தான் செத்துப்போனார். திறந்த காரில் போகையில் கழுத்தில் போட்டிருந்த நீளத் துணி சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. டிசியிலும் பின் சக்கரத்தின் ஸ்போக்குகள் நம் தோளுக்குக் கொஞ்சம்தான் பின்னால். என் மனைவி வரும்போது துப்பட்டாவைச் சுருட்டிப் பைக்குள் வைத்துவிட்டுத்தான் ஏறுவாள். வாயை மூடிக்கொண்டு வருவதும் நல்லது. அப்பன் திருப்பதிப் பக்கம் வயல்வெளியில் பூச்சிகள் அதிகம்.

அழகர்கோவிலில் பதினெட்டாம்படிக் கருப்பு சந்நிதிக்கு முன்னால் நிறுத்தினால் கூட்டம் கூடிவிடும். புது வண்டிகளைப் பூசைக்குக் கொண்டுவரும் இடத்தில் எழுபது வயது தாண்டிய வண்டி வந்து நின்றால் பின்னே என்ன ஆகும்? கேள்விகள் வரிசை மாறாது: "என்ன விலைண்ணே?", "லிட்டருக்கு எவ்வளவு குடுக்கும்?", "ஜீப்பை ஆல்டர் பண்ணதா?" வயதான ஒருவர் மட்டும் சுற்றி வந்து பார்த்துவிட்டு, தனக்குச் சின்ன வயதாக இருந்தபோது ஒரு தோட்டத்துத் துரை இப்படி ஒன்றில் கொடைக்கானல் மலையேறிப் போனதைப் பார்த்ததாகச் சொன்னார். மாமா அவரை உட்கார வைத்து ஹாரன் அடிக்கச் சொன்னார். யாரையும் மட்கார்டில் உட்கார விடாதீர்கள், தகடு நசுங்கிவிடும்.

நிறுத்திய பிறகு எவ்வளவு நேரம் நிற்பது என்பதை நம் வெயிலில் கண்டிப்பாகத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். இந்த எஞ்சினில் கார்புரேட்டர்களும் சூடான புகைக்குழாயும் ஒரே பக்கம். ஓடும்போது காற்றும் விசிறியும் சூட்டைத் தள்ளிக்கொண்டு போய்விடும். அணைத்த பிறகுதான் எஞ்சின் சூடு மேலேறி, கார்புரேட்டரில் தங்கிய பெட்ரோலைக் கொதிக்க வைக்கும். பத்து நிமிஷத்திலிருந்து அரை மணி நேரம் வரை மோசமான நேரம். அப்போது ஸ்டார்ட் செய்தால் இருமும், திணறும், பேட்டரிதான் தீரும். ஆகவே ஒன்று, இரண்டு நிமிஷத்தில் கிளம்பிவிடுங்கள். இல்லையென்றால் முழுசாக ஒரு மணி நேரம் நில்லுங்கள். நாங்கள் இரண்டாவதைத்தான் செய்வோம். பானெட்டின் இரண்டு பக்க மடிப்பையும் தூக்கிவிட்டு, மரநிழலில் தள்ளி நிறுத்திவிட்டு, கோயில் பிரசாதக் கடையில் அழகர்கோவில் தோசை. சுக்கும் மிளகும் மணக்க, விரலளவு கனத்தில், எண்ணெய் மினுங்க இருக்கும். ஒன்றைச் சாப்பிட்டு முடிக்கவே கார் ஆறிவிடும். ரேடியேட்டர் மூடியில் மாமா ஒரு வெப்பமானி பொருத்தியிருக்கிறார். காரோடு வந்ததல்ல, பின்னால் வாங்கியது. அது இறங்கும்வரை மூடியைத் திறக்கக் கூடாது. தண்ணீர் ஊற்றித் தருகிறேன் என்று வரும் நல்ல மனசுக்காரர்களைத் தடுப்பதும் நம் வேலை.

கொதிப்பு இப்போது முன்பைவிடச் சீக்கிரம் வருகிறது என்பது மாமாவின் புகார். பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். பழைய கார்களின் ரப்பர் ஹோஸ்களையும், எஸ்யு கார்புரேட்டருக்குள் இருக்கும் தக்கை வாஷர்களையும் அது கெடுத்துவிடும். ஹோஸ் உப்பும், பிறகு வெடிப்பு விடும். எத்தனால் ஈரத்தை இழுப்பதால் மாதக்கணக்கில் டேங்கில் கிடந்தால் அடியில் துரு. மாமா எல்லா ஹோஸையும் எத்தனாலைத் தாங்கும் ரகத்துக்கு மாற்றி, கார்புரேட்டர் ஜெட்டைக் கொஞ்சம் கீழே இறக்கி, கலவையில் பெட்ரோலைக் கூட்டியிருக்கிறார். ஓட்டாத மாதங்களில் டேங்கை வடித்துவிடுகிறார். இடது சீட்டுக்காரர் மோப்பம் பிடித்தால் போதும். பழைய காரில் கொஞ்சம் பெட்ரோல் வாசம் சகஜம் என்று சொல்வார்கள். ஸ்டார்ட் செய்யும்போது வந்தால் சரி, ஓட்டத்தில் வந்தால் நிறுத்தச் சொல்லுங்கள்.

திரும்பும்போது மேலூர் வழி. அந்தச் சாலையில் கல் லாரிகளும் டிப்பர்களும் அதிகம். பின்னால் ஒட்டிப் போனால் மணலும் சில்லும் முகத்தில் வந்து தெறிக்கும். கண்ணாடியை நிமிர்த்திக்கொண்டு, இடைவெளி விட்டுப் போவோம். மேலூரிலிருந்து ஒத்தக்கடை வரை நாலுவழிச்சாலை. அதில் டிசிக்குச் சந்தோஷமில்லை என்பேன். எல்லோரும் 100இல் பறக்கும் இடத்தில் 64இல் போவது பயம். ஆனைமலை நீளமாகப் படுத்திருப்பதை முழுசாகப் பார்க்கலாம் என்பது ஒன்றுதான் ஆறுதல். முடிந்தவரை சர்வீஸ் ரோடு.

வீட்டுக்கு வந்ததும் மாமா ஒரு ஸ்பேனரை எடுத்து ஸ்போக்குகளை ஒவ்வொன்றாகத் தட்டுவார். இறுகிய ஸ்போக் 'டிங்' என்னும், தளர்ந்தது 'டொக்' என்னும். சக்கரத்தைப் பிடித்திருப்பது நடுவில் ஒரே நட்டு. அதைச் செம்புச் சுத்தியலால் அடித்து இறுக்க வேண்டும். இரும்புச் சுத்தி பட்டால் நட்டின் காது உடைந்துவிடும். இதையெல்லாம் கழற்றிப் பார்க்க ஆசைப்படுகிற நம் ஊர் மெக்கானிக் தம்பிகளுக்கு ஒரு எச்சரிக்கை: இந்த எஞ்சினின் போல்ட் தலைகளுக்கு விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அளவு ஸ்பேனர் பொருந்தும், ஆனால் மரை மெட்ரிக். அதுவும் கடையில் கிடைக்கும் மெட்ரிக் அல்ல. எஞ்சின் செய்த ஆலை முன்பு ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சு நிறுவனத்துடையது. அந்த இயந்திரங்கள் வெட்டிய மரையே தொடர்ந்துவிட்டது. தலையைப் பார்த்து விட்வொர்த் போல்ட்டை முறுக்கினால் பிளாக்கில் மரை போய்விடும். மாமா லேத் பட்டறையில் மாதிரி கொடுத்துக் கடைந்து வாங்கி வைத்துக்கொள்கிறார்.

கல்யாண ஊர்வலத்துக்குக் கிடைக்குமா என்று கேட்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. 50 வயது தாண்டிய கார்களை விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்ய 2021இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும், நம்பரில் 'விஏ' என்ற எழுத்துகள் வரும். அப்படிப் பதிந்தவற்றைக் கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். வாடகைக்கு விடக் கூடாது. மாமா பழைய சாதாரணப் பதிவையே ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை காட்டிப் புதுப்பித்து வருகிறார். அதுவும் சொந்த உபயோகத்துக்கு மட்டும்தான்.

தெரிந்தவர் யாரிடமாவது இப்படி ஒரு கார் இருந்தால் கேட்பதற்கு ஒரு முறை உண்டு. விலையைக் கேட்காதீர்கள். ஷெட்டில் அவர் ஏதாவது கழற்றிக்கொண்டிருக்கும்போது போய், விளக்கைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். மூன்றாவது நாள் அவரே கூப்பிடுவார். கார் வைத்திருக்கும் ஆளே தெரியாது என்றால் கோவையில் ஜி.டி. கார் அருங்காட்சியகம் இருக்கிறது. ஏறிப் போக முடியாது, ஆனால் இந்த மாதிரி பழைய கார்களைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். எப்படியிருந்தாலும் மார்கழி, தை, மாசிக்குள் கேட்டு வையுங்கள். பங்குனி பிறந்தால் மாமா டேங்கை வடித்து, பேட்டரி வயரைக் கழற்றி, காருக்குப் போர்வை போட்டுவிடுவார். அதன்பிறகு ஐப்பசி மழையும் ஓய்ந்தால்தான் எடுப்பார்.